நவரத்தினத்தின் பதக்கமும் என் பதிவேடும்

1936 யூன் 24, புதன், மன்னார்

கொழும்புப் பத்திரிகை பத்து நிமிடம் பிந்தி வந்தது. அரசரின் பிறந்தநாள் கௌரவப் பட்டியலில் நானாட்டான் ஊர் நவரத்தினத்துக்கு ஓ.பி.இ. பட்டம். கொழும்பில் பௌதிகப் பேராசிரியர், இலண்டனில் பொற்பதக்கம் பெற்றவர், சந்திரனின் இழுப்பினால் கடலைப்போலவே காற்றும் ஏறி இறங்குவதை அளந்து காட்டியவர் என்று அரைப் பத்தி. பிறந்த ஆண்டு 1877 என்று அச்சிட்டிருக்கிறார்கள். 1876 என்பதே சரி. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். 1893 டிசம்பர்ப் பரீட்சையில் கணிதத்தில் எனக்கு அவனைவிட ஏழு புள்ளிகள் அதிகம். அதைப் பத்திரிகை எழுதவில்லை.

யூன் 25, வியாழன்

அவனுக்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தப் போகிறாளாம் என் மனைவி பெற்றிசியா. நான் போகவில்லை.

யூலை 11, சனி

அவனுடைய நூல் தபாலில் வந்தது. 1901 ஏப்ரல் 1 தொடக்கம் 1931 மார்ச் 31 வரை, அரசாங்கக் கச்சேரி வளவிலிருந்த பாரமானியை நாளுக்கு ஆறு தடவை வாசித்து, காற்றழுத்தத்தைப் பதிவேட்டில் எழுதியவன் நான். சந்திரனின் இழுப்பு மிகச் சிறியது. ஆயிரக்கணக்கான நாட்களைக் கூட்டிப் பார்த்தால்தான் புலப்படும். அந்த நாட்கள் என்னுடையவை. நன்றியுரையில் தட்டச்சு செய்த பெண்ணுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. எனக்கு? “மன்னாரின் அவதானிப்பாளர்.” அவ்வளவுதான். என் தகப்பனார் எனக்குப் பெயர் வைக்கவில்லையா?

பெற்றிசியா சிரித்தாள். “இஞ்சருங்கோ, அந்தாள் சந்திரனைப் பிடிச்சவர். நீங்கள் பாரமானியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். இதிலை என்ன கோவம்?”

மத்தியானம் சாப்பிடவில்லை.

யூலை 20, திங்கள்

புடைவைக்கடை றஊப் வந்தார். வரவேற்புக் குழுவின் செயலாளர் அவர்தான். ஓகஸ்ட் 8ஆம் திகதி பேராசிரியருக்கு ஊர் வரவேற்பாம். வாழ்த்துப்பத்திரத்தை நானே எழுதி வாசிக்க வேண்டுமாம். “பாரமானி ஐயா பேசினால்தான் கூட்டம் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியும்” என்றார். சம்மதித்தேன். நான் வாசிக்கப்போவது என்னவென்று அவருக்குத் தெரியாது.

யூலை 26, ஞாயிறு

பதினொரு பக்கம். பத்தாம் பக்கத்தில் என் கேள்வி: முப்பது ஆண்டு உழைப்பை எடுத்துக்கொண்டவர், உழைத்தவனின் பெயரை எங்கே வைத்தார்? ஊரார் முன்னிலையில் கேட்பேன்.

ஓகஸ்ட் 7, வெள்ளி

வந்துவிட்டான். வாடிவீட்டில் தங்கியிருக்கிறான். நாளைவரை பொறுக்க முடியாமல் மாலை நான்கு மணிக்குப் போனேன். தலைமயிர் முழுவதும் அப்படியே இருக்கிறது அவனுக்கு. கதிரை தந்தான். என் பெயரைப் பற்றிக் கேட்டேன்.

அவன் சொன்னான்: “பேரைப் போட்டால், 1920 நவம்பர் 22 தொடக்கம் 30 வரைக்கும் மன்னார் எண்களைக் கணக்கிலை சேர்க்காமல் ஏன் விட்டனான் எண்டும் எழுதவேண்டி வரும், அருளப்பு. அது நடுக்கடலிலை புயல் அடிச்ச கிழமை. கொழும்பு, காலி, திருகோணமலை, எல்லா இடமும் பாரமானி விழுந்தது. உம்மடை மட்டும் விழேல்லை.”

கருவி பழையது என்றேன்.

“அந்தக் கிழமை உம்மைக் கொழும்பிலை கண்டனான். கல்லூரிக் கந்தோர் விறாந்தையிலை, கையிலை விண்ணப்பத்தோடை. கூப்பிட்டால் வெக்கப்படுவீரெண்டு விட்டிட்டன்.”

உண்மை. அவனுக்கு அங்கே விரிவுரையாளர் பதவி கிடைத்ததென்று அறிந்ததும், விடுமுறைகூட எடுக்காமல் நானும் போனேன் — ஆய்வுகூட உதவியாளர் வேலை கேட்டு. கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது, இங்கே ஒரு பனையோலைகூட அசையவில்லை என்றார்கள். அதை நம்பி, முந்திய ஆண்டு நவம்பரைப் பார்த்து ஐம்பத்து நான்கு எண்களையும் எழுதினேன்.

தெரிந்தும் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறான். பட்டம் அவனுக்கு. பதக்கம் அவனுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கோ? எனக்கு ஒண்டும் மிச்சம் விடமாட்டானோ இவன்?

ஓகஸ்ட் 8, சனி

ஒன்பது பக்கம் வாசித்தேன். கூட்டம் குறித்த நேரத்தில் முடிந்தது.

ஓகஸ்ட் 10, திங்கள்

நூலை வெளியிட்ட இலண்டன் சபைக்கு எழுதினேன். அந்த ஒன்பது நாட்களும் பார்த்து எழுதியவை அல்ல என்று, முழுப்பெயரும் கையொப்பமும் இட்டு. என் பெயர் கெட்டால் கெடட்டும். அவனுடைய தயவில் இருக்க என்னால் ஆகாது.

பெற்றிசியாவுக்கும் சொன்னேன். அவள் அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப மடுக் கோயிலிலை ஒன்பது நாள் நவநாள் செபம் எண்டு சொல்லிப்போட்டெல்லோ போனனீங்கள்?”

ஓம் என்றேன்.

“மாதாவின்ரை பேரிலையோ பொய் சொன்னனீங்கள்?”

அதன்பின் என்னோடு பேசவில்லை. இரவு குழம்பில் உப்பில்லை.

ஓகஸ்ட் 16, ஞாயிறு

பேசினாள். மடுவுக்குப் போய் உண்மையாகவே ஒன்பது நாள் இருக்க வேண்டுமாம்.

1937 பெப்ரவரி 16, செவ்வாய்

இரண்டாம் பதிப்பு வந்தது. இறுதித் தாளில் திருத்தக் குறிப்பு ஒன்றே ஒன்று: “மன்னார், 1920 நவம்பர் 22–30: எண்கள் அவதானிக்கப்பட்டவை அல்ல, ஆதலால் சேர்க்கப்படவில்லை. அறிவித்தவர், அவற்றை எழுதிய சூசைப்பிள்ளை அருளப்பு.”

எழுத்துப் பிழை இல்லை. திகதிகள் சரி. மூன்று தடவை வாசித்தேன். அந்தத் தாளில் நவரத்தினத்தின் பெயர் எங்குமே இல்லை.