மண்ணை நாக்கில் வைத்தவர்

மாசி 3, திங்கள்

காலையில் பனி. வெயில் ஏறியதும் ஆற்றோரப் புல்வெளி முழுக்க வெள்ளை பூத்துவிட்டது, அரிசிமாவு தூவினாற்போல். நானும் அத்தையும் தேங்காய் ஓட்டால் சுரண்டி நாலு கூடை உவர்மண். கழுதைக்கு இன்னும் இருமல்.

செய்ய வேண்டியது: ராயபுரம் பங்களா விரிப்புகளை உவர்மண் தண்ணீரில் நனைத்து வெள்ளாவியில் வைக்க. நீலம். அம்மாவின் கைவெடிப்புக்கு எண்ணெய்.

இன்று புல்வெளியில் ஒரு ஆள். காக்கிக் கால்சட்டை, தொப்பி. கூட ஒரு பியூன், மண்வெட்டியோடு. அவர்கள் பார்ப்பதற்குள் தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். குழி வெட்டினார்கள். தொப்பிக்காரர் ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

"போச்சு," என்றாள் அத்தை. "உப்பு இலாகா ஆளு. மண்ண நக்கிப் பாக்கறான் பாரு."

உப்பு மண் சுரண்டினால் சர்க்கார் பிடிக்கும். எங்களுடையது உப்பு இல்லை, துணி வெளுக்கிற மண். ஆனால் பார்வைக்கு இரண்டும் வெள்ளை. யாரிடம் போய்ச் சொல்வது.

மாசி 4, செவ்வாய்

பனி இல்லை. காற்று.

இனிமேல் அந்தத் தொப்பிக்காரரை ம.ஆ. என்று எழுதுகிறேன். மண் ஆள். இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால்?

நைனா சோறு தின்னும்போதே சொன்னார்: "சுரண்டின தடம் இன்னும் தெரியுது. பெருக்கி வுடுங்க. யார் கேட்டாலும் அங்க போறதே இல்லன்னு சொல்லணும்."

அத்தையும் நானும் தென்னந்துடைப்பத்தோடு போய் வெட்டவெளியைப் பெருக்கினோம். காடு பெருக்குகிற பெண்களை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். குவித்து வைத்திருந்த மண்ணைப் பள்ளத்தில் தள்ளி மேலே புல்லைப் பரப்பினோம். ஒரு மாதத்து மண். அம்மா கேட்டுவிட்டு வீட்டில் மிச்சமிருந்த கூடைகளை எண்ணினாள்.

அந்த மண் இல்லாவிட்டால் எங்களுக்குத் தொழில் இல்லை. கடைச் சோடாவில் வெளுத்தால் நூல் இற்றுப்போகும். பங்களாக்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

மாசி 6, வியாழன்

ம.ஆ. போகவில்லை. தினமும் வருகிறார். மாடு மேய்க்கிற சாக்கில் எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் செய்தவை:

குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இறங்கவே இல்லை. (எனக்குத் தெரியும். ஐப்பசியில் ஆறு மேலே ஏறி நின்றால் தை வரைக்கும் அங்கேயே நிற்கும், காப்பி நிறத்தில்.)

சின்னப் புட்டியிலிருந்து சொட்டு விட்டார். மண் நுரைத்தது.

தரையில் படிந்திருந்த கறுப்புத் திட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். அது ஈரத்தில் எண்ணெய் சிந்தினாற்போல் வழுக்கும், காய்ந்தால் செங்கல். ஒரு சாண் கீழே மண் தூண் தூணாகப் பிளந்து நிற்கும், தலை மட்டும் குழவிக்கல் மாதிரி உருண்டை. அதையும் முழுசாகப் பெயர்த்துத் துணியில் சுற்றினார், குழந்தையைச் சுற்றுகிற மாதிரி.

நாங்கள் சுரண்டிய இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். பியூனிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பசுவின் மறுபக்கம் போய்விட்டேன்.

இதெல்லாம் உப்புக்காக மட்டும் இல்லை. வேறு ஏதோ.

மாசி 9, ஞாயிறு

புழுக்கம். எழுத மனம் இல்லை. ஆனால் இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் ம.ஆ. எங்களைப் பிடித்துவிட்டார். அத்தை புல் அறுத்துக்கொண்டிருந்தாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"இந்த நிலத்தில் ஏதாவது விளையுமா, அம்மா?"

"இன்னா சாமி வெளையும்? மாடே மூஞ்ச திருப்பிக்கும்."

"மண் எடுக்க யாராவது வருவார்களா?"

"ஒரு காக்கா குருவி வராது."

"அங்கே மேல்மண் மட்டும் யாரோ வழித்த மாதிரி இருக்கிறதே."

"காத்து, சாமி. கடல்காத்து வாரிகினு பூடும்."

"காற்றுக்குத் துடைப்பக் கோடு விழுமா?" என்றான் பியூன். அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மண்வெட்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.

ம.ஆ. ஒரு தாளில் எழுதி, சாட்சிக்கு ரேகை வேண்டும் என்று அத்தையின் இடது கட்டைவிரலில் மை தடவினார். அத்தை தாளை என்னிடம் நீட்டினாள். "நீ அஞ்சாவது படிச்சவதானே. இன்னா எழுதிகீறாருன்னு பாரு."

படித்தேன். நீர் வடியாத களர். வெள்ளத்தில் மூழ்குவது. பயிருக்கு ஆகாது. மேய்ச்சலுக்கு மட்டம். ஊரார் ஒருவரும் உபயோகிப்பதில்லை. இதுவரை சத்தமாகப் படித்தேன். கடைசி வரி: *இந்நிலத்தைக் கம்பெனிக் கிடங்கு கட்ட மண் கொட்டி மேடாக்கக் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை.*

அதைப் படிக்கக் குரல் வரவில்லை. பள்ளியிலும் இப்படித்தான், பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை, "அவ்ளோதானா?" என்றாள். தலையை ஆட்டினேன். அத்தை விரலை வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தாள். "ஏமாத்திட்டோம்டி அவன."

மாசி 10, திங்கள்

சொல்லவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை நைனா கழுதைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவைக்குக் காரணம் இல்லை.

பங்களா விரிப்பு நல்ல வெள்ளை. கடைசிக் கூடை மண் அது.

மாசி 13, வியாழன்

புல்வெளியில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லின் தலையிலும் சிவப்பு மை. பதினொன்று வரை எண்ணினேன்.

இன்று சொன்னேன். எல்லாவற்றையும், கடைசி வரியோடு. நைனா கையை ஓங்கினார், பிறகு அந்தக் கையாலேயே தன் தலையைச் சொறிந்துகொண்டார். "நாந்தானே பெருக்கச் சொன்னேன்," என்றார். அத்தைதான் பொறுக்கவில்லை.

"படிச்சவ வாய மூடிகினு நின்னா, படிக்காதவ இன்னாடி பண்ணுவா?"

 

மாசி 14, வெள்ளி

விடிந்ததும் புல்வெளிக்குத் தனியாகப் போனேன். மடியில் மஞ்சள் தூள், கையில் இரண்டு கொட்டாங்கச்சி. ஒன்றில் வீட்டு உப்பு. இன்னொன்றில் உவர்மண்.

ம.ஆ. பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நாளைக் காலை ரயிலாம்.  அவர் காலடியில் உட்கார்ந்து இரண்டிலும் தண்ணீர் விட்டு மஞ்சள் போட்டேன். உப்பில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. உவர்மண்ணில் சிவந்துவிட்டது, குங்குமம் கரைத்த மாதிரி. மஞ்சள் கறை பட்ட புடவையை இந்த மண்ணில் போட்டால் இப்படித்தான் சிவக்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"இது உப்பு இல்லை," என்றேன். அப்புறம் வந்துவிட்டது. "நாங்கள் எடுக்கிறோம். நைனாவின் நைனா காலத்திலிருந்து. பதினாலு வீடு."

"நான் உப்பு இலாகா என்று யார் சொன்னது?"

"நீங்கள் நாக்கில் வைத்தீர்கள்."

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "ஒருவரும் வருவதில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அந்தத் தாள் போய்விட்டது. எடுக்கிறவர்கள் பெயர் போட்டு, கையெழுத்தோ ரேகையோ வைத்து மனு கொடுத்தால் கூடச் சேர்த்து அனுப்புவேன். நிலம் நிற்குமா என்று என்னால் சொல்ல முடியாது."

நிஜமாகச் சேர்ப்பாரா? பெயர்களை வாங்கிக்கொண்டு உப்பு இலாகாவிடமே கொடுத்துவிட்டால்? கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மாலை. பதினாலு வீட்டுக்கும் போனேன். பன்னிரண்டு வீடு கதவிலேயே முடிந்தது. "பேர எழுதிக் குடுத்து ஜெயிலுக்குப் போறதா?" "உங்க அத்த வச்ச ரேகை போதாதா?" ஒரு வீடு யோசித்துச் சொல்கிறதாம். மீதி ஒன்று எங்களுடையது. நைனா, "எம் பேரு வாணாம்," என்று சொல்லிவிட்டுக் கழுதையைப் பார்க்கப் போய்விட்டார்.

விளக்கு ஏற்றி மனு எழுதினேன். நோட்டில் நடுத்தாளைக் கிழித்து. *திருவொற்றியூர் சலவைக்காரர் மகள் அமிர்தம், வயது பதினைந்து, எழுதிக்கொள்வது.* முதல் பெயர் என்னுடையது. கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன். அது காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அத்தை நேற்றிலிருந்து பேசவில்லை. இப்போது வந்து பக்கத்தில் நின்றாள். வெகு நேரம் தாளையே பார்த்தாள், படிக்கத் தெரிந்தவள் மாதிரி.

"இன்னா எழுதிகீற? கடைசி வரி வரைக்கும் படி."

கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

"போன தபா வச்ச விரல் பொய் சொல்லிச்சு," என்றாள். "இந்த தபா வேற விரல வச்சிக்கலாமா?"

அதே விரல்தான் வேண்டும் என்றேன்.

"மை இன்னும் போவல அதுல." கொல்லைக்குப் போயிருக்கிறாள். கூடையின் அடியில் ஒட்டியிருந்த உவர்மண்ணை வழித்து விரலைத் தேய்க்கிற சத்தம் கேட்கிறது.