தகரக் கொட்டகையில் ஒரு மோரிஸ் மைனர்

ஆகஸ்ட் 11, 2025 – திங்கள்

இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு அப்பா சொன்னார்: "அந்தக் காரைக் கொண்டாந்தரோணும் சாமி."

எந்தக் கார் என்று நான் கேட்கவில்லை. இங்கிலாந்தில், கவென்ட்ரியில் அண்ணன் நவநீதன் நான்கு வருடம் தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து எழுப்பிய 1968 மோரிஸ் மைனர். இலைப்பச்சை. அவன் போய் ஆறு மாதம் ஆகிறது. அவன் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இன்னும் நிற்கிறது. வீட்டுக்காரர் எடுக்கச் சொல்கிறாராம். அண்ணனோடு தங்கியிருந்த ராசிபுரத்து ரமேஷ்குமார் இதை நேராக அப்பாவுக்கே போன் செய்து சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லியிருக்கலாம்.

"பழைய வண்டியை எல்லாம் நம்ம நாட்டுக்குள்ள விட மாட்டாங்கப்பா."

"அம்பது வருசத்துக்கு மேல ஆயிருந்தா விடறாங்களாமா. ரமேசு விசாரிச்சுட்டான். கடுதாசி வேலையெல்லாம் நீதான் பாக்கோணும்."

அப்பா பத்து வருடம் என்ஜின் மெக்கானிக். அதன்பின் முப்பது வருடமாக நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார். மகன் செய்த வேலையை ஒருமுறை கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்கிறார். மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது.

ஆகஸ்ட் 12

பூட்டிய அலமாரியில் இருக்கும் நோட்டு. இதில் எழுதலாம்.

அண்ணனுக்கு மாரடைப்பு வரவில்லை. பிப்ரவரி 6, வியாழன். கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தான், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்த ரமேஷ்குமார்தான் பார்த்தது. மறுநாள் காலை எனக்குப் போன் வந்தபோது அம்மா எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னாச்சு அம்மிணி?" என்றாள். "அண்ணனுக்கு ஹார்ட் அட்டாக்காம்மா" என்றேன். எங்கிருந்து அந்தச் சொல் வந்தது? தெரியவில்லை. வந்த பிறகு அதையே எல்லோருக்கும் சொன்னேன்.

ஜூனில் அங்கே விசாரணை முடிந்தது. விபத்தா, அவனாகச் செய்ததா, தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். பதினோரு பக்கம். ரமேஷ்குமார் எனக்கு மட்டும் அனுப்பினான்.

அந்தப் பதினோரு பக்கத்தில் இல்லாத ஒன்று. அன்று நம் நேரப்படி மாலை ஏழிலிருந்து அண்ணன் நான்கு முறை என்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறான். நான் பாடம் நடத்தும் விடுதிப் பள்ளியில் இரவுப் படிப்பு முடியும்வரை ஆசிரியர்களும் போனை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒன்பதரைக்குக் கையில் வாங்கிப் பார்த்தேன். களைப்பு. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது.

எத்தனை புத்தகங்களில் எத்தனை சாவுகளைப் படித்திருக்கிறேன். ஒன்றுகூட இதற்கு உதவவில்லை.

ஆகஸ்ட் 31

சின்னம்மா வந்திருந்தார். அம்மா அவரிடம் மறுபடியும் அதையே சொன்னாள். "பெட்டியத் தொறந்து மொகத்தைக் காட்டுனாங்கல்ல, செக்கச்செவேல்னு இருந்தான். தூங்கறாப்பல. அந்த ஊருக் குளுரு அவனுக்கு ஒத்துக்கிருச்சு பாரேன். கடைசியா நல்லா ஒடம்பு தேறியிருந்தான்."

அந்தச் சிவப்பு ஏன் வந்தது என்று தேடிப் படித்திருக்கிறேன். என்ஜின் புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால் தோல் அப்படிச் சிவக்குமாம். படித்திருக்க வேண்டாம். அம்மாவுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆறுதல் அதுதான். உண்மைக்கு மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், மூடி மாதிரி.

செப்டம்பர் 9 – செவ்வாய்

சென்னையில் துறைமுக வேலைகளைப் பார்த்துத் தரும் ஏஜென்ட் தீனதயாளன். நல்ல மனிதர்தான். "சௌந்தர்யா மேடம், இறந்தவரோட வண்டின்னா டெத் சர்டிபிகேட் ஒரிஜினல் வேணும். காப்பி எல்லாத்துலயும் அப்பா கையெழுத்து வேணும்" என்றார்.

ஒரிஜினலை மறைக்க முடியாது. கட்டின் நடுவில் செருகிக் கொடுத்தேன். அப்பா ஒவ்வொரு தாளாகப் புரட்டி, சரியாக அதை வெளியே எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் வராது. பர்மிட், ஆக்சில், சேசிஸ் என்று எழுத்துக் கூட்டுவதோடு சரி. மரணக் காரணம் டாக்டர்களின் இங்கிலீஷில் இருக்கிறது. அவர் விரல் வரிவரியாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது. வெகுநேரம்.

பிறகு, "எங்க கையெழுத்துப் போடோணும்?" என்றார்.

தப்பித்தேன்.

அக்டோபர் 3

கப்பல் ஏறிவிட்டது. ஒரு தாளைத் தொலைத்திருந்தால் போதும், நின்றிருக்கும். ஏன் தொலைக்கவில்லை?

அக்டோபர் 20

தீபாவளி. எங்களுக்கு இந்த வருடம் இல்லை. கப்பல் எங்கே என்று அப்பா கேட்டார். ஆப்பிரிக்காவின் ஓரமாக ஒரு புள்ளியைப் போனில் காட்டினேன். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "இத்தனை தண்ணியிலயா வருது?"

நவம்பர் 26

சென்னையில் இறங்கி ஒரு வாரமாக நிற்கிறது. தீனதயாளன் ஸ்பீக்கரில் பேசினார். "சார், வரியே கார் விலையைத் தாண்டுது. அங்கயே வித்திருக்கலாம் சார். யார் சொன்னாங்க இதையெல்லாம் இவ்ளோ தூரம் இழுத்துட்டு வரச்சொல்லி?"

அப்பா கோபப்படவில்லை. "வித்தா அவன் உக்காந்த சீட்டு திரும்ப வருமாங்க?" என்றார்.

எழுந்து போய்க் கை கழுவினேன். கழுவிக்கொண்டே நின்றேன்.

டிசம்பர் 14 – ஞாயிறு

வந்துவிட்டது.

பட்டறையில் பாதி கட்டிய ஆறு லாரிகளுக்கு நடுவே டிரெய்லரிலிருந்து இறக்கினார்கள். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெயின்டர், கார்பென்டர், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். வெல்டர் சடையண்ணன், "என்னங்க மொதலாளி, நம்ம லாரி குட்டி போட்டாப்பல இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். குனிந்து கதவின் அடித்தட்டைத் தடவினார். "வெல்டிங் சுத்தமா இருக்குது. நம்ம பட்டறைக் கை."

அதற்குள் அம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்கள்.

"எந்திரிச்சு வாம்மா வெளிய. வான்னு சொல்றேன்ல." நான் கத்தியதில் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா மெதுவாக இறங்கினாள். "ஏனம்மிணி, என்ற பையன் சீட்டுல நான் உக்காரக்கூடாதா?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டுக் காரைப் பட்டறை ஓரத்துத் தகரக் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஸ்டார்ட் பண்ணவில்லை.

டிசம்பர் 19

மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்பா கொட்டகைக்குள் இருந்தார், பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, தனியாக. ஐந்து நாளாக இப்படித்தானாம். யாரையும் கிட்டே விடுவதில்லை.

சடையண்ணன் வெளியே புலம்பிக்கொண்டிருந்தார். "அம்மிணி, ஊட்டுல என்ற ஸ்க்ரூ டிரைவர் ஏதாச்சும் கெடக்குதா பாரு. மூணு நாளா தேடறேன். கண்டவன் தூக்கீட்டுப் போறான்னுதான் எல்லாத்துக்கும் மஞ்ச டேப் சுத்தி வெச்சிருக்கறன். அப்பவும் காணாமப் போகுது."

பார்க்கிறேன் என்றேன்.

டிசம்பர் 24 – புதன்

அரையாண்டு விடுமுறை. நான்கு மணிக்கு அப்பா பட்டறைக்கு வரச் சொன்னார். ஆட்கள் டீக்குப் போயிருந்தார்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு சாமி" என்றார். அவர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"இது என்ஜின் சந்துல மாட்டிக் கெடந்துச்சு. கார்புரேட்டருக்குக் கீழ. என்ஜின் வேகத்தைக் கூட்டிக் கொறைக்கற ஐடிலிங் ஸ்க்ரூ பாதி திருகுனபடி நிக்குது. பையன் டியூனிங் பண்ணீட்டிருந்திருக்கறான். குளுருக்குக் கதவச் சாத்தியிருக்கறான். என்ஜின் சத்தம் எப்படி இருக்குதுன்னு கேக்க உள்ள போயி உக்காந்திருக்கறான். அசந்துட்டான். வேணும்னு பண்ணல சாமி."

"உங்களுக்கு எப்படிங்ப்பா தெரியும்?"

"சர்டிபிகேட்டுல கார்பன்னு போட்டிருந்துச்சே. பத்து வருசம் என்ஜின்ல கார்பன் சொரண்டுனவன். அந்த ஒரு எழுத்துமா தெரியாது?"

"அப்பவே கேட்டிருக்கலாமேங்ப்பா."

"கேட்டா நீ சொல்லோணுமே."

அப்பா ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்குச் சாயந்தரம் எனக்கு ரெண்டு தடவ போன் அடிச்சிருக்கறான். கிரைண்டர் ஓடீட்டிருந்துச்சு. கேக்கல. ஊட்டுக்கு வந்துதான் பாத்தேன். நாளைக்குப் பேசிக்கலாம்னு உட்டுட்டேன்."

அதே வார்த்தை. நான் இந்த நோட்டில் எழுதிய அதே வார்த்தை.

எனக்கும் அடித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கைப்பிடியைக் கவனித்தேன். டேப் சுற்றியிருந்த இடத்தில் பிசின் அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சந்தில், சுரண்டியும் போகாமல், நூலளவு மஞ்சள்.

விசாரணை அறிக்கை, ஏழாம் பக்கம்: பானட் மூடியிருந்தது. கருவிப் பெட்டி பூட்டி அலமாரியில் இருந்தது. வெளியே கருவி எதுவும் இல்லை.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நான் ஆமென்று சொல்லக் காத்துக்கொண்டு நின்றார். என்னைச் சமாதானப்படுத்தவா அதைக் கண்டுபிடித்தார்? தன்னையா?

"ஆமாங்ப்பா" என்றேன். "டியூனிங்தான்."

"டியூனிங்தான்" என்றார் அப்பா. கைக்குட்டையில் அதைச் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "உங்கம்மாளுக்கு ஹார்ட் அட்டாக்குனே இருக்கட்டும்."

டிசம்பர் 25

ஏழாம் பக்கத்தை மட்டும் கிழித்தேன். பிறகு பதினோரு பக்கத்தையும்.

ஜனவரி 4, 2026 – ஞாயிறு

சடையண்ணனுக்குப் புது ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சுருள் மஞ்சள் டேப்பும் வாங்கிக் கொடுத்தேன். "எதுக்கு அம்மிணி இதெல்லாம்? பழசு எங்கயாச்சும் கெடைச்சிரும்" என்றார். கிடைக்காது அண்ணா என்று சொல்லவில்லை.

அங்கே இருக்கும்போதே அப்பா ஏணி போட்டு ஏறினார். கொட்டகையின் மூன்று பக்கத் தகரத்தையும் கழற்றி இறக்கினார்கள். பிறகு கதவை. மத்தியானத்துக்குள் நான்கு இரும்புக் கால்களும் மேலே கூரையும்தான் மிச்சம். நடுவில் பச்சைக் கார், எந்தப் பக்கத்திலிருந்தும் காற்று படும்படி.

"ஏனுங்க மொதலாளி, சைடெல்லாம் தொறந்து கெடந்தா மழையில வண்டி நனைஞ்சு துருப்புடிச்சுப் போயிருமுங்களே" என்றார் சடையண்ணன்.

அப்பா கதவுக் கீலின் கடைசி போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நனையட்டும்" என்றார்.