படுத்துப் பார்த்த வெளிச்சம்

உன் தம்பி பெண் நேற்று ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். "அத்தையோட பழைய துணி. உங்களுக்கு ஏதாவது வேணுமான்னு பாருங்கோ ஆன்ட்டி, இல்லேன்னா யாருக்காவது கொடுத்துடலாம்" என்றாள். பையைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே உன் கருநீலக் கம்பளிக் கோட்டு. அதன் இடது கை வலது கையைவிடச் சற்று நீளம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போய் இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லை, இந்தக் கிழவி சிரிக்கிறாளே என்று அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவளுக்கு அந்தக் கோட்டு பிறந்த கதை தெரியாது. பம்பாய்ப் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டு தைக்க ஆள் தேடி, கடைசியில் தாராவியில் ஒரு திருநெல்வேலிக்காரரைக் கண்டுபிடித்தோம். அளவெடுத்துக்கொண்டே அவர் கேட்டார்: "எந்த ஊருக்கும்மா போறிய?"

"ரோம், டென்மார்க், துருக்கி, ஈரான்னு போறோம்" என்றாய் நீ.

"அங்கெல்லாம் என்ன சோலி?"

"கட்டடத்துல வெளிச்சம் எப்படி வருதுன்னு பார்க்க. விளக்கு எப்படி மாட்டியிருக்கான்னு பார்க்க."

"வெளக்கு பாக்கவா அம்புட்டு தூரம்? எங்க வீட்டுக்கு இன்னும் கரண்டே வரல தாயி."

"வரட்டும். அதை எங்க மாட்டணும்னு நான் பாத்துண்டு வந்து சொல்றேன்" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில்தான் கோட்டுக் கையின் அளவு தப்பியிருக்க வேண்டும்.

பம்பாயின் கோட்டைப் பகுதியில் நாம் வேலை பார்த்த கட்டடக்கலை அலுவலகத்தில் பெண்கள் என்று நாம் இருவர்தான். மற்றவர்கள் தூணையும் சுவரையும் வரைந்தால், நீ வரைபடத்தின்மேல் மஞ்சள் பென்சிலால் வெயில் போட்டுக்கொண்டிருப்பாய். கட்டடங்களில் வெளிச்சத்தைப் பற்றி ஆராய ஓர் உதவித்தொகை இருக்கிறது என்று தெரிந்ததும், என்னைக் கேட்காமலே என் பெயரையும் சேர்த்து விண்ணப்பம் போட்டாய். கிடைத்தபோது இரண்டு வீட்டிலும் ரகளை. செம்பூரில் என் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். மாடுங்காவில் உன் சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். உன் அம்மா பள்ளிக்கூட டீச்சர், உங்கள் அப்பா போனபின் தனியாக உன்னையும் தம்பியையும் வளர்த்தவர். எல்லோரும் பேசி ஓயும்வரை காப்பி கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சொன்னார்: "கல்யாணம் ஆகாத பொண்ணை ஊர் சுத்த அனுப்பறாளேன்னு சொல்றவா சொல்லட்டும். நான் புஸ்தகத்துல பாத்ததை இவ கண்ணால பாக்கட்டுமே." அதன்பின் என் அப்பாவும் சாப்பிட்டார்.

ரோமில் உச்சியில் பெரிய துளை விட்டுக் கட்டிய அந்தப் பழைய கோயிலுக்குள் நாம் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். நீ மட்டும் நட்டநடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாய். கோட்டு ஊறிக் கனத்துப்போனது. "நம்ம பில்டிங்ல ஒழுகினா முனிசிபாலிட்டிக்கு ஓடறோம். இவன் வேணும்னே ஓட்டை விட்டிருக்கான் பாரு" என்று கத்தினாய். காவலாளி ஓடிவந்தார். நீ அவரையும் மேலே பார்க்கச் சொன்னாய்.

கோபன்ஹேகனில் அப்போது குளிர்காலம், பகல் மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் விளக்கு கூரையில் இல்லை, சாப்பாட்டு மேஜைக்குச் சற்று மேலே, கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் அந்த வெளிச்சமே ஒரு சின்ன அறை மாதிரி ஆகிவிடும். இஸ்தான்புல்லின் பெரிய பள்ளிவாசல்களிலும் அப்படித்தான். அவ்வளவு உயரத்தில் கும்மட்டம், விளக்குகளோ தலைக்குச் சற்று மேலே வளையம் வளையமாக. தொழ வந்தவன் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற வெளிச்சம் என்று நீ சொன்னாய்.

அந்த ஊரில்தான் தந்தி வந்தது. உன் அம்மாவுக்குப் பக்கவாதம்.

நான் இரண்டு பெட்டிகளையும் கட்ட ஆரம்பித்தேன். நீ என் பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்துப் போட்டாய். "நீ எதுக்குடி வரே? ரெண்டு பேரும் திரும்பிட்டா ஈரானுக்கு யார் போறது, இஸ்ஃபஹானை யார் பாக்கறது?" அழுதுகொண்டேதான் கேட்டாய். ஆனால் குரலில் பிடிவாதம். "போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்." விமானத்தில் ஏறிப் போய்விட்டாய். நான் ஈரானுக்குப் போகும் ஓர் ஆசிரியத் தம்பதியோடு பஸ்ஸில் ஏறினேன். அவ்வளவு பெரிய மலைகளை நான் அதுவரை பார்த்ததில்லை. வழி நெடுக உன் அம்மா பிழைத்தாரா என்றுகூடத் தெரியாது.

பிழைத்திருந்தார். நான் ஈரானிலிருந்து கப்பலேறி ஊர் வந்து சேர்ந்த மறுநாளே குர்லாவில் வண்டி மாறி மாடுங்காவுக்கு வந்தேன். அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டிருந்தது, பேச்சு இல்லை. நீ பாதியாக இளைத்திருந்தாய். சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "அவளுக்கு என்மேல கோபம்டி. பகல்ல சரியா இருக்கா. சாயங்காலம் ஆபீஸ்லேருந்து வந்து பக்கத்துல உக்காந்தா, கையால மூஞ்சியை மூடிக்கறா. என்னைப் பாக்கவே பிடிக்கலை. நான் போயிருக்கக் கூடாது."

"மாமியா? உன்மேலயா?" என்றேன்.

அதிலிருந்து தினம் சாயங்காலம் வந்தேன். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து இஸ்ஃபஹானின் பள்ளிவாசலைச் சொன்னேன். சுவரில் பதித்த ஓடுகளின் நீலத்தை, சல்லடை போல் குடைந்த கற்சன்னலில் வடிகட்டி வரும் வெயிலை, தரையில் அது நகர்வதை. நீ விடமாட்டாய். "வெயில் எங்கேருந்து வந்ததுன்னு சொல்றே. யார்மேல விழுந்ததுன்னு சொல்லலையே? அங்க உக்காந்திருந்தவாளுக்குக் கண் கூசித்தா, கூசலையா?" எனக்குத் தெரியவில்லை. "படுத்துண்டு பாத்தியா?" என்றாய். "பள்ளிவாசல்ல எப்படிடி படுக்கறது?" என்றேன்.

நீ சட்டென்று எழுந்து போய், முகத்தை மூடியிருந்த அம்மாவின் பக்கத்தில் அந்தக் குறுகிய கட்டிலில் ஒண்டிப் படுத்து மேலே பார்த்தாய். நேர் மேலே, மூடி இல்லாத ஓர் அறுபது வாட் பல்பு.

"அடியே, பல்புடி! பல்பு கண்ணைக் குத்தறதுடி அவளுக்கு!"

ஓடிப்போய்ப் பல்பை அணைத்தாய். கூடத்திலிருந்து ஒரு மேஜை விளக்கை இழுத்துவந்து கட்டிலுக்குக் கீழே, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாய். வெளிச்சம் சுவரில் பட்டு மெல்ல அறையில் பரவியது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கை தானாக இறங்கியது. உன்னைப் பார்த்தார். இடது கையால் உன் கன்னத்தைத் தொட்டார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, அது சிரிப்பு என்று நம் இருவருக்கும் தெரிந்தது. பாதி உலகம் சுற்றிவந்த நீ, ஒரு குழந்தை மாதிரி அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாய்.

அடுத்த வருஷம் செம்பூரில் ஒரு டாக்டர் தன் பழைய ஆஸ்பத்திரியை ஒட்டிச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டினார். வேலை நம்மிடம் வந்தது. வார்டின் நடுக்கூரையில் ட்யூப்லைட்டே இல்லாத வரைபடத்தைப் பார்த்து அவர் கோபித்துக்கொண்டார். "இதென்னம்மா, ஆஸ்பத்திரியா, சினிமாக் கொட்டகையா?"

"கட்டில்ல படுங்கோ டாக்டர்" என்றாய்.

"என்னது?"

"ஷூவைக் கழட்டிட்டு ரெண்டு நிமிஷம் படுங்கோ."

பழைய வார்டில், நர்ஸுகள் பார்க்க, அந்தப் பருத்த மனிதர் படுத்தார். ட்யூப்லைட்டைப் போடச் சொன்னாய். அவர் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டார். எழுந்து ஷூ மாட்டிக்கொண்டே, "சரி, உங்க இஷ்டப்படி செய்யுங்கோ. பரிசோதிக்க மட்டும் தனியா ஒரு விளக்கு வேணும் எனக்கு" என்றார். அதுவும் நம் வரைபடத்தில் ஏற்கெனவே இருந்தது.

அம்மா அதற்குப்பின் பல வருஷம் இருந்தார். அவரை விட்டு நீ எங்கும் போகவில்லை. இஸ்ஃபஹானைப் பார்க்கவே இல்லை. "அதான் நீ பாத்தாச்சே" என்பாய், குறை தொனிக்காமல். நான் அதன்பின் எத்தனையோ ஊர் போனேன். எங்கே போனாலும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, உன்னிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிடும் மனசு. இப்போதும் தேடுகிறது, அதற்கு நீ போனது இன்னும் உறைக்கவில்லை.

இஸ்ஃபஹானைப் பற்றி ஒண்ணு விடாமல் சொல்லச் சொன்னாய். ஒன்றை விட்டுவிட்டேன், சொன்னால் கேலி செய்வாய் என்று. அங்கே பள்ளிவாசல் கும்மட்டத்தின் கீழே நான் உட்கார்ந்திருந்தபோது, கறுப்புத் துணி போர்த்திய ஒரு நடுவயதுப் பெண் வந்து, தனியாகவா வந்திருக்கிறாய் என்று விரலால் சைகை காட்டிக் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டி, என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க வேண்டிய வெறும் தரையைத் தட்டிக் காட்டினேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ. நான் தட்டிய இடத்தைக் காலியாக விட்டு, அதற்கு அடுத்தாற்போல் உட்கார்ந்தாள்.