அக்காவும் நானும் மாற்றாத வாட்ச்

ஜூன் 4

மதியத்துக்குள் வாட்ச் மறுபடியும் செத்துவிட்டது. காலையில் நூறு சதவீதம் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் கண் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள்.

முதலாளி இன்று தன் புது வாட்சைக் காட்டிக்கொண்டு திரிந்தார். போன வருடமும் ஒன்று புதிதாக வாங்கினார். என் கையைப் பார்த்துவிட்டு, “இன்னும் அந்த டப்பாவையா கட்டிட்டு இருக்கீங்க? இதெல்லாம் ரெண்டு வருஷம்தாம்மா. அதுக்கு மேல வெச்சிருந்தா பாக்குறவங்க நம்மளத்தான் ஒரு மாதிரி நெனப்பாங்க” என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர், “இந்தக் கண்ணாடிய எவ்ளோ நாள் போடலாம்?” என்று கேட்க, “தெரியற வரைக்கும் போடுங்க” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். முதலாளி முறைத்தார். ‘வருடா வருடம் மாற்றுங்கள்’ என்று சொல்ல வேண்டும் என்பது கடையின் பாடம்.

வாரை மாட்டும் ஊசி போன மாதமே எங்கோ விழுந்துவிட்டது. கண்ணாடியின் காதை மாட்டும் குட்டித் திருகாணி ஒன்றைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் முதலாளிக்கு இன்னும் எரிச்சல்.

ஜூன் 5

சார்ஜர் கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. கைக்குழந்தையை வளர்க்கிற மாதிரிதான் இருக்கிறது.

ஜூன் 9

சாயங்காலம் கடையில் இருக்கும்போதே மணிக்கட்டு அதிர்ந்தது. ‘அக்கா நடையை முடித்தார்.’ வழக்கம்போல அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கும் சொல்லாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். இந்த வாட்சை அக்காவும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கினோம். அவளுக்கு ரோஸ் வார், எனக்குக் கறுப்பு. ஒருத்தி நடந்து முடித்தால் மற்றவள் வாட்ச் அதிரும். அப்போது கைதட்டல் அனுப்பிக்கொள்வோம். ஒரு விரல் தட்டில் அனுப்புகிற மாதிரி வேறு சில பதில்களும் உள்ளே இருக்கின்றன.

ஜனவரியிலிருந்து எதையும் அனுப்பவில்லை. அவளும் இல்லை.

அவள் மகளுக்கு வெளியூரில் வேலை. அனுப்புவதா வேண்டாமா என்று வீடே கூடிப் பேசிக்கொண்டிருந்தது. போகட்டுமே என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அக்கா எல்லோர் முன்னாலும், “பெத்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். உனக்கு எங்க தெரியப் போகுது” என்றாள்.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? எத்தனை ஆஸ்பத்திரி வரிசைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். வேறு யார் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பேன். அவ சொல்லலாமா? அவளே சொல்லலாமா?

அன்றைக்கு எழுந்து வந்தவள்தான். அதற்கப்புறம் பேச்சு இல்லை. ஆனால் வாட்சில் இந்தப் பகிர்வை நானும் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை. அவள் நிறுத்தட்டும் என்று நான் இருக்கிறேன். தினமும் அவள் நடந்தாள் என்று தெரிந்துவிட்டால் எனக்கு அன்றைய சாப்பாடு இறங்கும். வெட்கக்கேடு.

ஜூன் 12

வீட்டுக்காரர் என் தொல்லை தாங்காமல் செல்போன் கடைக்கு இழுத்துப் போனார். கடைக்காரர் வாட்சை வாங்கி இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், எலியைப் பிடிக்கிற மாதிரி.

“இதுக்கு பேட்டரி இப்ப வர்றதில்ல மேடம். புதுசு எடுத்துக்கோங்க.”

“இதுல இருக்கறதெல்லாம் புதுசுல வந்துருமா?”

“வந்துரும்.”

“அக்காவோட பகிர்வு?”

அது வராதாம். புது மாடலுக்கு வேறு செயலியாம். புதிதாக ஓர் அழைப்பு அனுப்ப வேண்டுமாம். எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். “அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டா ஒரு நிமிஷ வேலை” என்றார். நல்ல மனிதர், அவருக்கு என்ன தெரியும்.

வேண்டாம் என்று வாட்சைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் வழியெல்லாம், “உனக்குக் கஞ்சத்தனம் எப்ப வந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். கஞ்சத்தனம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். பெரிதாகத் தப்பு செய்தவள் பேசாமல் இருக்க, நான் அழைப்பு அனுப்பணுமா? அவ ஏத்துக்கிட்டாளா இல்லையான்னு நான் மணிக்கட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?

ஜூன் 13

புதுசு வாங்கமாட்டேன். இது ஓடுகிற வரை ஓடட்டும்.

ஜூன் 19

தலையில் அடித்துக்கொள்கிறேன்.

லென்ஸ் கழுவும்போது வாட்சுக்குள் தண்ணீர் போய்விட்டது போலிருக்கிறது. அதற்கப்புறம் திரை தானாகவே தட்டிக்கொள்ள ஆரம்பித்தது. ஏதோ பேய் உள்ளே உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி. முதலில் முதலாளிக்குப் போன் போனது. எதிரே நின்றவர் எடுத்து “சொல்லுங்க” என்றார்.

அது பரவாயில்லை. சாயங்காலம் ‘அக்கா நடையை முடித்தார்’ என்று வந்ததும், அதற்குக் கீழே இருந்த பதில்களில் ஒன்றை அந்தச் சனியன் தானாகத் தட்டி அனுப்பிவிட்டது. கைதட்டலை அனுப்பித் தொலைத்திருந்தால்கூட மானம் போனதோடு முடிந்திருக்கும். அனுப்பியது ‘இவ்வளவுதானா?’

ஜனவரியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. முதல் வார்த்தை ‘இவ்வளவுதானா?’ திரும்ப எடுக்கவும் வழியில்லை. எடுத்தேன் என்றால் என்ன சொல்லி எடுப்பது?

வாட்சை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 20

வாட்ச் பிழைத்துவிட்டது. பேயும் போய்விட்டது.

அக்கா இன்று எப்போதும் நடக்கிற தூரத்தைப் பாதி நேரத்தில் முடித்திருக்கிறாள். பாதி நேரத்தில். ஓடியிருக்கிறாள். எனக்குக் காட்டுவதற்காகவே ஓடியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து இதே குணம்தான்.

ஜூன் 26

ஒரு வாரமாக நானும் ஓடுகிறேன். முட்டி இரண்டும் என்னைத் திட்டுகின்றன. என் வாட்சும் முழு நடை தாங்குவதில்லை. அது சாகிறதற்குள் முடித்தால்தான் அவளுக்குத் தகவல் போகும். இரண்டு காரணத்துக்கும் சேர்த்து ஓட வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். “இப்படி மூச்சிரைக்க ஓடறியே, யாரு துரத்துறா?” என்று கேட்டார். பையை வாங்கி முட்டியில் வைத்துக்கொண்டேன். “அக்காவா?” என்றார். இவருக்கு எல்லாம் தெரிந்துதான் கஞ்சத்தனம் என்று வாயைக் கிண்டியிருக்கிறார்.

ஜூலை 1

கம்பெனியிலிருந்து அறிவிப்பு. ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று ஆரம்பித்தபோதே தெரியும், வயிற்றில் அடிக்கப் போகிறான் என்று. இந்த மாதம் பதினைந்தாம் தேதியோடு இந்த மாடலுக்கு எல்லாச் சேவையும் நிறுத்தமாம். அதற்கப்புறம் அது மணி மட்டும் காட்டுமாம். பகிர்வு கிடையாதாம். ‘உங்கள் பயணத்தைப் புதிய மாடலோடு தொடருங்கள்.’

என்னோட பயணம் அவனுக்கு என்ன தெரியும்? நல்லா இருக்கற பொருள உள்ளேயிருந்து சாகடிச்சுட்டு, புதுசு வாங்குன்னு சொல்றான். கண்ணாடியை நான் இப்படி விற்றேன் என்றால் ஊர் சும்மா விடுமா?

பதினைந்துக்கு அப்புறம் அவள் நடந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான்.

ஜூலை 8

அக்கா களைத்துவிட்டாள். மூன்று நாளாக அவள் நடையைப் பார்க்கிறேன், நத்தைகூட முந்திவிடும். நடுவில் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறாள். நேரமும் மாறியிருக்கிறது, இப்போதெல்லாம் காலையில்.

இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே லென்ஸ் துடைத்தேன். பல நாள் கழித்து இன்றைக்குத்தான் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பகல் சாப்பாட்டுக்கு அப்புறம்தான், உடம்புக்கு ஏதாவதா என்று தோன்றியது. அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

ஜூலை 10

கடையில் கூட்டம். ஒரு பாட்டியம்மாவுக்குக் கண்ணாடியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், கதவைத் தள்ளிக்கொண்டு அத்தான் வருகிறார். அக்கா வீட்டுக்காரர். ஆறடி உயரம், முறுக்கு மீசை, கையில் ரோஸ் கலர் வாட்ச்.

அவர் கையை நீட்டி, “இதோட ஊசி கழண்டு கழண்டு விழுதும்மா. கடையில கேட்டா இது பழைய மாடல்ங்கறான். நீ ஏதோ கண்ணாடித் திருகாணி போட்டிருக்கேன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரு” என்றார். இந்த இரண்டு ஆம்பிளைகளும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

“அக்காவோடத நீங்க ஏன் கட்டியிருக்கீங்க?”

“அவ கால் பிசகி உக்காந்திருக்கா. இதுல சார்ஜ் நிக்கறதில்ல. அது தீர்றதுக்குள்ள நடந்து முடிக்கணும்னு தினமும் ஓட்டம். சொன்னா கேட்டாத்தானே. படிக்கட்டுல தடுக்கிட்டா.”

“சரி, அதுக்கு நீங்க?”

“நடை ஒரு நாள் நின்னாலும் நீ தப்பா நெனச்சுக்குவியாம். அறுத்து விட்டுட்டான்னு. அதனால நீங்க கட்டிட்டு நடங்கன்னு காலையிலேயே தள்ளி விட்டுடறா. நான் டீக்கடையில நின்னா, வீட்டுக்கு வந்ததும் அதுக்கும் திட்டு.”

புதுசு வாங்கித் தரவா என்று அவரும் கேட்டிருக்கிறார். அவளும் வேண்டாம் என்றிருக்கிறாள். “அழைப்பு அனுப்பி, அவ ஏத்துக்கலைன்னா?” என்று கேட்டாளாம்.

திருகாணியைப் போட்டுக் கொடுத்தேன். நாள் பூராவும் நான் செய்கிற வேலை அது. இன்றைக்கு இரண்டு முறை கீழே விழுந்தது.

ஜூலை 11

கோபமாக வருகிறது. இவ்வளவு யோசிக்கிறவள், போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்க மாட்டாளா? புருஷனை ஊர் சுற்ற விடுவாள், தங்கச்சியிடம் பேச மாட்டாள்.

“நீ போய்ப் பாரு” என்கிறார் இவர். நான் ஏன் போகணும்? சொன்னது அவ.

ஜூலை 12

போகவில்லை. வாட்சுக்குக் காலையிலிருந்து உயிர் வரவில்லை. சார்ஜரில் போட்டால் சூடாகிறது, அவ்வளவே. இனி அவளுக்கும் என்னிடமிருந்து ஒன்றும் போகாது. அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும், நானும் அதையேதானே நினைத்திருப்பேன்.

ஜூலை 14

போனேன்.

அக்கா நாற்காலியில், கால் முக்காலி மேல், தலையணை மேல். என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை.

“ரெண்டு நாளா ஏன் ஒண்ணும் வரல? நிறுத்திட்டியா?”

“செத்துப்போச்சு.”

செத்த வாட்சைப் பையிலிருந்து எடுத்து அவள் மடியில் போட்டேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டனை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, “‘இவ்வளவுதானா’ன்னு அனுப்பினியே, எவ்ளோ திமிர் உனக்கு” என்றாள்.

“அது நான் இல்ல. வாட்ச் தானா அனுப்பிச்சு. தண்ணி பூந்துருச்சு.”

“ஆமா, வாட்ச் மேல போடு.”

சாகிற வரைக்கும் நம்பமாட்டாள். சத்தியம் செய்தும் பார்த்துவிட்டேன்.

காபி ஆறுகிற வரை இரண்டு பேரும் அத்தானின் நடையைப் பற்றியே பேசினோம். கிளம்பலாம் என்று எழுந்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், வாட்ச் இருந்த இடத்தில். தோல் அங்கே மட்டும் வெளுத்திருக்கிறது.

“அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி. பயத்துல சொன்னேன். என் பொண்ண உன்கிட்ட விட்டுட்டு எத்தன நாள் நான் வேலைக்குப் போயிருக்கேன். அவளுக்கு காய்ச்சல்னா நீதானே தூக்கிட்டு ஓடின. என் வாயில அது எப்படி வந்துச்சுன்னே தெரியல.”

அழக்கூடாது என்றுதான் போனேன். அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். அவளும் அழுதுவிட்டு, “போனாவது போட்டிருக்கலாம்ல நீ” என்று என்னைத் திட்டினாள். எரிச்சலாக வந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

ஜூலை 15

இன்றோடு சேவை நிறுத்தம். எங்கள் இருவர் வாட்சையும் ஒன்றாக அக்காவின் மேசை இழுப்பறையில் போட்டோம்.

ஆகஸ்ட் 23

புது வாட்ச் வாங்கிக் கொஞ்ச நாளாகிறது. அக்கா நொண்டிக்கொண்டே கடைக்கு வந்து மறுபடியும் ரோஸ் வார்தான் எடுத்தாள். அத்தான் முகத்தில் கலவரம். முதலாளிக்கு மட்டும் என்னைப் பார்க்க இப்போது பெருமை.

அழைப்பு இன்னும் அனுப்பவில்லை. அனுப்பணும் அனுப்பணும் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கடை விட்டதும் நேராக அவள் வீட்டுக்குப் போய்விடுகிறேன், அங்கிருந்து சேர்ந்து கிளம்புகிறோம், அப்புறம் எதற்கு அது.

கிளம்புகிறோம் என்றுதான் பெயர். இன்றும் தெருமுனை தாண்டவில்லை. மகள் வெளியூரில் சமைக்கிற லட்சணத்தை அக்கா ஆரம்பித்தாள், கைவண்டிப் பழக்காரர் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். நடக்க வந்தோமா பேச வந்தோமா என்று எனக்குக் கடுப்பு. என் கையும் அவள் கையும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. ‘அசைவு இல்லை. நடையை முடித்துவிட்டீர்களா?’

அக்கா பேச்சை நிறுத்தாமலே, “இல்லைன்னு அமுக்குடி” என்றாள்.

அமுக்கினேன்.