பால் பல்லுக்கு வைத்தியம் இல்லையாம்

சேசு மரி சூசை துணை

மாட்டுப்பட்டி,
16.9.1976

அன்புள்ள மகள் சிசிலிக்கு அப்பா எழுதுவது. பம்பாய் ஆஸ்பத்திரி வேலையில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் அண்ணன் மகள் ரோசியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி எழுதக் கை வரவில்லை. நாலு வயசுப் பிள்ளைக்கு முன்பல் எல்லாம் கரிக்கட்டை, கஞ்சியைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் விழுங்குகிறாள். எல்லாம் அந்தப் புட்டி செய்த வேலை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் பால் சேர்க்காமல் சீனி போட்ட கட்டன்சாயாவைப் புட்டியில் ஊற்றிப் பிள்ளையோடு காப்பகத்தில் விட்டுப் போகிறார்கள், இங்குள்ள மாட்டுப்பண்ணைப் பால் நம் கண்ணெதிரே வண்டி ஏறி வெளியூர் போகிறது. பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே தூங்கும், ஆயாவுக்கும் நிம்மதி. நீ லீவில் வந்தபோது புட்டி வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னாய், உன் அண்ணி சாந்தம்மாள் பால் பல்தானே மாமா, விழுந்து முளைக்கும் என்கிறாள். மூணாறில் பல் டாக்டர் முகாம் என்று கேள்விப்பட்டு ரோசியை ஜீப்பில் தூக்கிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம், பால் பல்லுக்கு வைத்தியம் இல்லையாம், ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபின் கொண்டு வரச் சொன்னார்கள். அதுவரை பல் இருக்குமா என்று கேட்டேன், டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம் டிஸ்பென்சரி கம்பவுண்டரோ வீக்கம் வடியட்டும், பிடுங்கிவிடலாம் என்கிறார். பிடுங்க எல்லோருக்கும் தெரிகிறது, கெடாமல் பார்க்கத்தான் ஆளில்லை.

ஞாயிறு பூசை முடிந்து ரோசியின் தம்பிக்குப் பல் கொழுக்கட்டை போட்டோம். லயத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் திரண்டு வந்தார்கள். பல் முளைத்ததற்கு இத்தனை கொண்டாட்டம், முளைத்த பல்லை அப்புறம் எட்டிப் பார்க்க நாதியில்லை. தலையில் கொட்டிய இனிப்புக் கொழுக்கட்டையைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்று முடிக்குமுன் உன் அண்ணி அவனைத் தூங்கவைக்க அதே புட்டியை எடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிடுங்கிச் சாயாவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். அவள் அழுதாள், உன் அண்ணன் முறைத்தான், உன் அம்மா என்னைத்தான் ஏசினாள். அப்போது ரோசி வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்து, "தாத்தா, தம்பிக்கும் கறுத்துப் போயிருமா?" என்று கேட்டாள். மறுநாள் சாந்தம்மாள் புட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றித்தான் அனுப்பினாள். பிள்ளை அலறுகிறது என்று ஆயா இருதயம்மாள் மலைக்கு ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டுவிட்டாள், கங்காணி எல்லோர் முன்னாலும் திட்டினான். அதற்கடுத்த நாள் பழையபடி சாயா. இனி யாரை ஏசுவது, சொல்.

நான் சொன்னால் கிழவன் பேச்சு, நீ நர்ஸ். இருதயம்மாளுக்கும் சேர்த்து உன் அண்ணிக்கு ஒரு கடிதம் எழுது. அலறினால் இரண்டு நாள் பொறுக்கச் சொல், ஈரத்துணியால் சின்னவனின் அந்த ஒற்றைப் பல்லைத் துடைக்கச் சொல். திட்டாமல் எழுது, அவளும் மழையில் நனைந்து கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவள்.

ஆண்டவர் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றை மறக்காதே, கிறிஸ்துமசுக்கு வரும்போது வழக்கமான மிட்டாய் டப்பா வேண்டாம். முதல் ஆளாக ஓடிவந்து கை நீட்டுவது ரோசிதான், அவளிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

உன் அப்பா,
மத்தியாஸ்