பதினேழாங்கட்டைப் பாலத்தின் மூன்றாம் தூண்

அனுப்புநர்:
மாரியாயி, க/பெ. நாகையா,
பாலத்துக் காவல் குடிசை,
கோலாலம்பூர் – கிள்ளான் சாலை, பதினேழாங்கட்டை (பதினேழாம் மைல்).

பெறுநர்:
கனம் மாவட்ட அதிகாரி துரை அவர்கள்,
கிள்ளான்.

பொருள்: வரும் திங்கட்கிழமை பாலத்தில் லோரி ஓட்டுவதைத் தடுத்து, மூன்றாம் தூணை நேரில் பார்வையிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய துரை அவர்களுக்கு, அடியேன் பயத்தோடும் பணிவோடும் தெரிவித்துக்கொள்வது:

1. இவ்விடத்தில் முன்பு மாட்டு வண்டிகளுக்கான பலகைப் பாலம் இருந்தது. 1920-இல் மோட்டார்களுக்காக இப்போதுள்ள பாலம் எழுந்தது. அதற்குக் கல் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாம் தூணின் குழியில் ஊன்றிய மூங்கில், கெட்டித்தரை தட்டாமல் சேற்றில் இறங்கிக்கொண்டே போனதைக் கண்ணால் கண்டேன். அதன் மேலேயே கல்லைக் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன்.

2. 1926-ஆம் வருடப் பெருவெள்ளம் அந்தத் தூணின் அடிமண்ணை அரித்துவிட்டது. பாலம் கட்டிய குத்தகைக்காரர் மேலே சுண்ணாம்பு பூசி, என் புருஷனைக் காவலுக்கு வைத்தார். இந்த ஆனி மாதம் பூச்சு வெடித்தது. அப்போது நகம் நுழைந்த இடத்தில் இப்போது என் நான்கு விரல்களும் நுழைகின்றன. என் புருஷன் போய்ச் சொன்னதற்கு, குத்தகைக்காரரின் மேஸ்திரி, "வாய மூடிக்கிட்டு கெட. இல்லாட்டி வேற வேல பாத்துக்க" என்றார்.

3. ஆவணியில், ரப்பர் தோட்டத்து வாசு என்பவர் பாலத்தடியில் குளிக்கும்போது வழுக்கி விழுந்தார். மூன்றாம் நாள் உடல் தலையில்லாமல் கரை ஒதுங்கியது. முதலையின் வேலை என்பதை ஆற்றோரம் குடியிருக்கும் நாங்கள் அறிவோம். ஆனால் தூண் நிற்பதற்கு மனிதத் தலை கேட்கிறது, காவல்காரன்தான் பிடித்துக் கொடுக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. அதன்பின் ஒருவரும் தூணருகே போவதில்லை, வெடிப்பைப் பார்ப்பதுமில்லை. அந்தப் பேச்சு யாருக்கு உதவியது என்பதைத் துரை அவர்களே யோசிக்க வேண்டும்.

4. சென்ற ஞாயிறு பாசார் சந்தையில் வாசுவின் அண்ணன் என் புருஷனின் கழுத்தைப் பிடித்து, "அடுத்து யாரு தலைய பேசி வச்சிருக்கே, சொல்லுடா!" என்று அழுதுகொண்டே அடித்தார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. வலது கை முறிந்து என் புருஷன் படுத்திருக்கிறார். வாசுவின் அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் குடிசைப் பக்கம் யார் நடந்து வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

5. மறுநாள் முதல் நானே காவல் நிற்கிறேன். செவ்வாயன்று மழைக்குப் பின் தூண் முனகுவது போல் சத்தம் கேட்டது. எதிரே ரப்பர் ஏற்றிய லோரி வந்தது. சிவப்புக் கொடியோடு நடுரோட்டில் நின்று மறித்தேன். ஓட்டுநர் ராதாகிருஷ்ணன், "என்னக்கா, சாகணுமா?" என்று சத்தம் போட்டார். கீழே இறங்கி வெடிப்பைப் பார்த்தபின் வண்டியைத் திருப்பிக்கொண்டார். அன்றே இரு முனைகளிலும் மூங்கிலைக் குறுக்கே கட்டிவிட்டேன். அனுமதியின்றிச் செய்தது குற்றமே.

6. மேஸ்திரி நேற்று வந்தார். திங்கட்கிழமை மூங்கிலை வெட்டிவிட்டு, கல் நிரப்பிய லோரியை ஓட்டிப் பாலம் உறுதியானது என்று ஊருக்குக் காட்டப்போகிறாராம். அதை ஓட்டும்படி ராதாகிருஷ்ணனுக்கே லோரி முதலாளியிடமிருந்து உத்தரவாகியிருக்கிறது. மறுத்தால் அவர் வேலை போகும். ஓட்டினால் என்ன போகும் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. இந்த மனுவை எனக்காக எழுதுவது அவர்தான்.

தலை கேட்பது பாலமல்ல, துரை அவர்களே. தூணுக்கடியில் தரை இல்லை. அவ்வளவுதான். திங்கட்கிழமைக்கு முன் தாங்கள் வந்து பார்த்து, அதை ஊரார் காதுபடச் சொன்னால், லோரிக்காரரும் என் புருஷனும் பிழைப்பார்கள். அதன்பின் எனக்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன்.

வரும்போது தயவுசெய்து பாலத்தின் மேல் ஏற வேண்டாம். கிள்ளான் கரையிலேயே காரை நிறுத்துங்கள். படகு இருக்கிறது, நான் துடுப்புப் போட்டுத் தூணடிக்கு அழைத்துப் போகிறேன்.

இடம்: பதினேழாங்கட்டை
நாள்: 12-10-1928, வெள்ளி

இங்ஙனம் நடுக்கத்தோடு காத்திருக்கும்,
மாரியாயி (இடது பெருவிரல் ரேகை)

எழுதியவரும் சாட்சியும்:
ராதாகிருஷ்ணன், லோரி ஓட்டுநர்