தேர்தலன்று வந்த விருந்தாளிகள்

அப்பாவுக்கு வணக்கம்.

நீங்கள் ஒரு ஓட்டில் தோற்றிருந்தால் தம்பியிடம் நியாயம் கேட்கலாம். வார்டு தேர்தலில் இருநூறு ஓட்டில் தோற்றதற்கு அவனிடம் என்னவென்று கேட்பது? ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நடந்த உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

எனக்குத்தான் அங்கே ஓட்டு இல்லை. ஓட்டு உள்ள தம்பியும் அவன் மனைவியும் தேர்தலன்று என்னோடு கடற்கரையில் இருந்தார்கள். "அப்பாதான்க்கா போயிட்டு வாங்கன்னு அனுப்பி வெச்சாரு" என்றான். நம்பினேன். லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டினேன்.

இன்று போனில் நீங்கள், "நீ அவ்வளவு கெஞ்சினா அவன் எப்படிம்மா வராம இருப்பான்?" என்றீர்கள். அப்பா, நான் கூப்பிடவே இல்லை. உங்களிடம் என் பெயரையும் என்னிடம் உங்கள் பெயரையும் சொல்லியிருக்கிறான்.

பெரிய விஷயமில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தேர்தல் நோட்டீஸ் மிச்சமிருந்தால் ஒன்று அனுப்புங்கள். உங்கள் படம் என்னிடம் இல்லை. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்

மறுநாள்: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அடுத்த லீவுக்கும் பீச்சுக்கு வரலாமா?"

"வா. அப்பாவையும் கூட்டிட்டு வா."

"அவருக்கு முழங்கால் வலிக்குமேக்கா. அவ்வளவு தூரம் எப்படி வருவாரு?"